ஊசித்தட்டானின் நிறம்

போடிநாயக்கனூர்
28-8-1978

அன்புள்ள லட்சுமிக்கு,

திருப்பதி எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். மழையிலும் அட்டைக்கடியிலும் நீ எப்படி இருக்கிறாயோ தெரியவில்லை. தை மாதம் எஸ்டேட் பள்ளிக்கூடத்து வேலைக்கென்று மலையேறிப் போனவள், ஆவணி வந்தும் ஒரு வரி எழுதவில்லை. 'என்னைத் தேடி வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் வரவில்லை. ஆனால் போன புதன்கிழமை உன் பள்ளிக்கூடத்துச் சரிவு வரைக்கும் வந்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் மானேஜர் மாற்றலாகிப் போகிறார் என்று குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஏலக்காய் ஸ்டோர் வாசலில் எல்லாரையும் நிறுத்தி எடுத்து முடித்தேன். திரும்புகிற ஜீப்பு ஏலக்காய் லோடு ஏற்ற நின்றுவிட்டது. ஓடையோரப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். மேலே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், நடுநடுவே உன் குரல். ஏறி வந்திருக்கலாம். வரவில்லை.

அப்போதுதான் எதிரே ஒரு பெரணி இலையில் அது வந்து உட்கார்ந்தது. ஊசித்தட்டான். சுண்டுவிரலில் பாதிகூட இராது. நம் வயற்காட்டுத் தட்டானெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கேமராவில் ஒரே ஒரு படம் மிச்சமிருந்தது. குளோசப் கண்ணாடியை மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன்.

பிரிண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இறகின் நரம்புகூடத் தெரிகிறது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படமல்லவா, ஏதோ கரிக்குச்சி மாதிரி வந்துவிட்டது. கல்யாணப் படத்தில் பட்டுப்புடவைக்குக் கலர் கொடுப்பதுபோல் இதற்கும் கொடுக்கலாம் என்று தூரிகையை எடுத்தால் கை ஓடவில்லை. சிவப்பு இருந்தது தெரியும். எங்கே, எப்படிப்பட்ட சிவப்பு என்பது நினைவில் நிற்கவில்லை. நீ தினம் அந்த ஓடையைத் தாண்டுகிறவள். ஒருநாள் நின்று பார்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் போடு. அதைப் பற்றி மட்டும் எழுதினாலும் போதும்.

அன்புடன்,
திருப்பதி

•

மேலாறு எஸ்டேட்
போடிமெட்டு வழி
3-9-1978

அன்புள்ள மாமாவுக்கு,

வீரலட்சுமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கடிதமும் படமும் வந்தன. அட்டைக்கடி பழகிவிட்டது. மழை பழகவில்லை, தகரக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

ஓடை வரைக்கும் வந்தவர் தட்டானைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டீர்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் காப்பி போட்டுக் கொடுத்திருப்பேன். வர வேண்டாம் என்று நான் சொன்னது கோபத்தில். அதை இத்தனை மாதம் கட்டிக் காத்திருக்கிறீர்கள். வாய் திறக்க வேண்டிய அன்றைக்குத்தான் திறக்கவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை என்பது எனக்கும் துக்கந்தான். "இவள வச்சுக்கிட்டு என் மகன் என்னத்தக் கண்டான், வேற பொண்ணு பாக்கணும்" என்று அத்தை என் முகத்துக்கு நேரே சொன்னபோது நீங்கள் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அதற்காகத்தான் வந்தேன். இதை இனிமேல் எழுத மாட்டேன்.

தட்டானைப் பார்த்தேன். உடம்பு கறுப்புத்தான். ஆனால் முதுகிலும் விலாவிலும் மாதுளம் முத்து ஒட்டியதுபோல் சிவப்பு. இறகின் முன்பாதி தண்ணீர்போல ஒன்றுமே இல்லை, பின்பாதி கறுப்பு. வெயில் பட்டால் அந்தக் கறுப்புக்குள் புளி போட்டு விளக்கிய செம்புக் குடம்போல ஒரு பளபளப்பு. லேசாகத் திரும்பினால் கத்திரிப்பூ நிறம். பெண் தட்டான் வேறு மாதிரி, காய்ந்த சருகு நிறம். உங்கள் படத்தில் இருப்பது ஆண்.

பாறைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏலக்காய் எடுக்கப் போன முத்துப்பேச்சி, "டீச்சரு, என்னத்தத் தொலைச்சீக?" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து அவளும் தேடினாள். தட்டானுக்கு நிறம் பார்க்கிறேன் என்று சொல்ல வெட்கமாகிவிட்டது. கம்மல் திருகாணி என்று சொல்லிவிட்டேன். பாவம், வெகுநேரம் தேடினாள்.

அத்தையின் முழங்கால் வலிக்குத் தைலம் தீர்ந்திருக்கும். வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வீரலட்சுமி

•

போடிநாயக்கனூர்
11-9-1978

அன்புள்ள லட்சுமிக்கு,

உன் கடிதத்தை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டே கலர் கொடுத்தேன். மாதுளம் முத்து, செம்புக் குடம், கத்திரிப்பூ. தூரிகைக்கு முடி அதிகமென்று பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றிப் பார்த்தேன். செம்புப் பளபளப்புத்தான் வரவில்லை. மஞ்சள் கலரைத் தேய்த்து அதன்மேல் அரக்குக் கலரைத் தொட்டேன். சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். அனுப்பியிருக்கிறேன்.

நீ எழுதியதெல்லாம் உண்மை.

மறுபடி அதை எடுக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஸ்டூடியோவில் தாடையை நிமிர்த்து, ஆடாதே என்றால் தாசில்தார்கூடக் கேட்கிறார். இது கேட்காது. நாம்தான் அதற்குத் தோதாக அசையாமல் இருக்க வேண்டும். வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு காலை பஸ்சில் வரலாமா? ஓடையோடு திரும்பிவிடுகிறேன். நீ வரச் சொன்னால் மட்டும் மேலே வருகிறேன். கூரைக்கு ஒரு டப்பா தாரும் கொண்டுவருவேன்.

அன்புடன்,
திருப்பதி

•

மேலாறு எஸ்டேட்
25-9-1978

அன்புள்ள மாமாவுக்கு,

வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நனைந்த வேட்டியோடு பஸ்சில் உட்கார்ந்திருந்தீர்களே, சளி பிடித்துக்கொண்டதா? மிளகுக் கஷாயம் குடியுங்கள்.

எஸ்டேட் முழுக்க ஒரே பேச்சு. "டீச்சரு வீட்டுக்காரரு தட்டான் பிடிக்க வந்திருக்காரு" என்கிறார்கள். அது ஓடை நடுவில் கேமராவும் கையுமாக மல்லாந்து கிடந்தவரைப் பார்த்தவர்கள் சொல்வது. நான் குடை பிடித்துக்கொண்டு நின்றதையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கங்காணி மனைவி, "ரெண்டு பேருக்கும் சண்டைன்னாகளே?" என்று என்னிடமே கேட்டாள். சண்டைதான் என்றேன்.

படம் வந்ததும் அனுப்புங்கள். போன படத்தில் சிவப்பைக் குங்குமமாக அப்பிவிட்டீர்கள், அவ்வளவு கனம் கூடாது. உள்ளேயிருந்து வெளிச்சம் வருவதுபோல் இருக்க வேண்டும். நேற்று இரண்டாவதாக எடுத்தீர்களே பச்சைக்காரன், அவன் இறகை மூடினால் புகையிலைச் சருகு, திறந்தால் மயில் கழுத்து. மூடி எடுத்தீர்களா, திறந்தா? நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

ஒன்று கவனித்தீர்களா? விரட்டினாலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இலைக்குத்தான் வருகிறது. துரத்திக்கொண்டு ஓடாமல் அந்த இலையைக் குறிவைத்துக் காத்திருங்கள். நான் தட்டானைப் பற்றித்தான் எழுதுகிறேன், இதில் வேறு அர்த்தம் எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்றாம் தடவை சோறு வாங்கியதை வைத்து நானாகப் புரிந்துகொண்டேன். கூரை இப்போது ஒழுகவில்லை.

இப்படிக்கு,
வீரலட்சுமி

•

போடிநாயக்கனூர்
9-10-1978

அன்புள்ள லட்சுமிக்கு,

குழம்பு நன்றாக இருந்தது. இப்போதாவது எழுதிவிட்டேன்.

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவினேன். முகப்புக் கண்ணாடிப் பெட்டியில் வெகுநாளாக இருந்த கல்யாண ஜோடிப் படத்தை எடுத்துவிட்டு உன் பச்சைக்காரனைப் பெரிதாக்கிக் கலர் கொடுத்து வைத்திருக்கிறேன். இறகு திறந்துதான் விழுந்திருக்கிறது. ஏலக்காய் ஏலத்துக்கு வந்த வியாபாரிகள் கூடி நின்று பார்க்கிறார்கள். ஒருவர், "இது எந்த ஊரு நகை?" என்று கேட்டார். தட்டான் என்றேன். நம்பவில்லை. "தட்டான் செஞ்சதுன்னு தெரியுது, எந்த ஊருத் தட்டான்?" என்கிறார்.

அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "பூச்சிக்குப் பூச்சுப் பூசுற நேரத்துல எனக்கொரு பேரனக் காட்டக்கூடாதா?" என்கிறார்கள். உன்னிடம் மறைக்க மாட்டேன், பழைய பேச்சைத் திரும்பவும் எடுத்திருக்கிறார்கள். ராசிங்காபுரத்துப் பிச்சைமணிச் சித்தப்பா அடிக்கடி வந்து போகிறார். எனக்குச் சம்மதமில்லை என்று இந்தத் தடவை வாய் திறந்து சொல்லிவிட்டேன். அம்மா அழுதார்கள். ஒருவேளை சாப்பிடவில்லை. என்னால் அதற்குமேல் பேச முடியவில்லை.

வருகிற ஞாயிறு வருகிறேன்.

அன்புடன்,
திருப்பதி

•

மேலாறு எஸ்டேட்
12-10-1978

மாமாவுக்கு,

ஞாயிறு வர வேண்டாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வருகிறார்கள், வேலை இருக்கிறது.

அத்தை அழுவதை நான் குறைசொல்லவில்லை. ஒரே மகனைப் பெற்றவர்கள். ஆனால் பாதி சொல்லிவிட்டுப் பாதியில் நிற்கிற பேச்சைக் கேட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பில்லை. முடிவு எதுவானாலும் ஊர் சொல்லி நான் கேட்கக் கூடாது, நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும். இது ஒன்றுதான் கேட்கிறேன்.

ஓடையில் வெள்ளம். தட்டான் ஒன்றும் இல்லை.

வீரலட்சுமி

•

போடிநாயக்கனூர்
6-11-1978

அன்புள்ள லட்சுமிக்கு,

நான் சொல்லித்தான் நீ கேட்க வேண்டும் என்றாய். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை, சித்தப்பா ஒரு பெண்ணையும் அவள் தாயாரையும் கடைக்குக் கூட்டிவந்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வரன் காட்ட ஒரு படம் வேண்டும் என்றார். பெயர் கருத்தம்மாள். பெரியவர்கள் இருவரும் முன்கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பெண்ணை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாற்காலியில் உட்காரவைத்து லைட்டைப் போட்டேன். தாடையை நிமிர்த்தச் சொன்னேன். நிமிரவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்:

"அண்ணே, ஒரு ஒத்தாச செய்வீகளா?"

"என்னத்தா?"

"படத்த நல்லா இல்லாம எடுத்துருங்கண்ணே. நான் கண்ண மூடிக்கிறேன், அப்ப அமுக்கிருங்க."

"ஏன், மாப்பிள்ளையப் பிடிக்கலையா?"

"யாருன்னே தெரியாதுண்ணே. போடியில கடை வச்சிருக்காராம். மூத்த தாரம் இருக்காம். பிள்ள இல்லேன்னு தள்ளி வச்சிட்டாகளாம். அவுக படிச்சவுக, மலையில டீச்சரு வேல பாக்குறாகளாம். நாளைக்கு எனக்கும் பிள்ள இல்லேன்னா நான் எந்த மலைக்குப் போவேன்? எனக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதே."

லட்சுமி, கேமராவுக்குப் பின்னால் நின்றதால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. தள்ளி வைத்துவிட்டார்களாம். ஊரில் அப்படித்தான் பேச்சு. நீயாகப் போனாய் என்று யாரும் சொல்வதில்லை. உன்னைப் போகவிட்டவன் என்றும் என்னைச் சொல்வதில்லை.

"படம் நல்லாவே எடுக்கிறேன். நல்ல இடத்துக்குக் காட்ட உதவும். இந்த மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லிருவான், பயப்படாத" என்றேன்.

"உங்களுக்கு அவரத் தெரியுமாண்ணே?"

"கொஞ்சம் தெரியும்."

எடுத்து முடித்து அவளோடு நானும் வெளியே வந்தேன். சித்தப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "எப்படிடா பொண்ணு? படத்துக்குன்னு சொன்னாத்தான நீ ஏறெடுத்துப் பாப்ப" என்றார். அந்தப் பெண் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

அவள் என்னிடம் கேட்டதைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிச் சொல்வது? "சித்தப்பா, இந்தப் பிள்ள உள்ள நுழைஞ்சதுலருந்து என்னைய அண்ணே அண்ணேன்னு கூப்பிடுது. தங்கச்சியக் கட்டுறதுக்கு நம்ம குலத்துல வழக்கமில்ல" என்றேன். அவர் அதட்டினார். அப்புறம் நான் மறைக்கவில்லை, தெருவில் போகிறவர்கள் நிற்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன்: "எம் பொண்டாட்டி மலையில இருக்கா. யாரும் தள்ளி வைக்கல. நாந்தான் ஒழுங்காப் போயிக் கூப்பிடல. வேற பொண்ணு பாக்குற பேச்சு இன்னையோட முடிஞ்சது."

படி இறங்கும்போது அந்தப் பெண் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். போகட்டும். முடிவை நானே சொல்ல வேண்டும் என்று கேட்டாய். சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
திருப்பதி

•

போடிநாயக்கனூர்
20-11-1978

அன்புள்ள லட்சுமிக்கு,

என் கடிதம் வந்ததா? பதில் இல்லை. ஜீப்பு ஓட்டுகிற மொக்கச்சாமியிடம் விசாரித்தேன். "டீச்சரு நல்லாத்தான் இருக்காக, ஓடைப் பக்கம் உக்காந்திருந்தாக" என்றார். அது போதும் என்று இருந்தேன். போதவில்லை.

நீ வரச் சொல்லாமல் வர மாட்டேன். இதை மறுபடியும் உன் வார்த்தையைக் கட்டிக் காப்பது என்று நினைக்காதே. இந்தத் தடவை வரத் துடிக்கிறேன். ஆனால் கூப்பிடுவதா வேண்டாமா என்று நினைக்க உனக்கு நேரம் வேண்டும் அல்லவா?

மழை விட்டு வெயில் வந்தால் எந்த நிறம் முதலில் வந்தது என்று ஒரு வரி போடு.

திருப்பதி

•

மேலாறு எஸ்டேட்
1-12-1978

அன்புள்ள மாமாவுக்கு,

இதை மொக்கச்சாமி அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அத்தை என்னோடு இருக்கிறார்கள். பதற வேண்டாம், நலந்தான். ராசிங்காபுரத்துக்குப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டுப் போடிமெட்டு பஸ்சில் ஏறியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் வகுப்பில் இருந்தபோது முத்துப்பேச்சி தோளில் தாங்கிக் கூட்டிவந்தாள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து வாடிப்போய் வந்தார்கள். பாயில் படுக்க வைத்தேன், காய்ச்சல். எஸ்டேட்டு மலையாளத்துக் கம்பவுண்டர் வந்து ஊசி போட்டு, "அம்மச்சி, எழுந்நேக்கண்டா, கிடந்நோ" என்றார், எழுந்திருக்க வேண்டாம், படுத்திருங்கள் என்று. அத்தைக்கு என்ன புரிந்ததோ, நான் கஞ்சி கொண்டுவந்தால்கூடக் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் காய்ச்சல் விட்டதும் எழுந்து உட்கார்ந்து சொன்னார்கள்: "உங்கிட்ட ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். நீ ஒரு வார்த்த சொன்னா அவன் கேப்பான். கட்டிக்கங்கன்னு ஒரு கடுதாசி போடு. நீயும் வந்து இருந்துக்க. யாரும் உன்னைய வேண்டாங்கல."

"அவுக கட்டிக்கிட்டா நான் வந்து தடுக்க மாட்டேன், அத்த. ஆனா என் வாயால கட்டிக்கங்கன்னு சொல்ல மாட்டேன். அது பொய்யில்ல?" என்றேன். எப்படி அவ்வளவு அமைதியாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சுவரில்தான் நீங்கள் அனுப்பிய படங்களைச் சோற்றுப்பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். நெடுநேரம் கழித்துக் கேட்டார்கள்.

"என்னத்தா இது, சுவரு பூரா பூச்சி?"

"அவுக எடுத்த படம்."

"கலரு?"

"அவுகதான் குடுக்குறாக. என்ன கலருன்னு நான் பாத்து எழுதுவேன்."

"கடுதாசி கடுதாசியாப் போட்டுக்கிட்டீகளே, இதத்தானா எழுதுனீக?"

"பெரும்பாலும் இதத்தான்."

அத்தை சிரித்துவிட்டார்கள், மாமா. சிரிக்கிறபோதே கண்ணில் தண்ணீர். நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

நேற்று நல்ல வெயில். அந்தப் பூச்சியைப் பார்க்க வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். கைத்தாங்கலாக ஓடைக்குக் கூட்டிப்போனேன். பாறையில் உட்கார்ந்து ஒருபாடு நேரம் காத்திருந்தோம். முதலில் வந்தது சிவப்பன்தான். அத்தையின் காலுக்குப் பக்கத்துச் செடியில் உட்கார்ந்தான். "அசையாதீக, அத்த" என்றேன். முழங்கால் அந்த வலி வலிக்கிறவர்கள், அது பறந்து போகும்வரை அசையவில்லை. பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

"எம் மகன் சின்னதுலருந்து என்கிட்ட எதையும் கேட்டதில்ல. வச்சதத் திம்பான், குடுத்ததப் போடுவான். உன்கிட்ட இது என்ன நெறம்னு கேட்டு எழுதிக்கிட்டு இருக்கான்."

அவர்கள் தோளில் முந்தானையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

"பிள்ள இல்லாட்டியும் உங்க ரெண்டு பேருக்கும் சேந்து ஒரு சோலி இருக்கு. எனக்கும் அவுக அப்பனுக்கும் பிள்ள இருந்துச்சு, சேந்து ஒரு சோலி இருந்ததில்ல." முழங்காலைத் தடவிக்கொண்டார்கள். "எனக்கு மனசு ஆறலத்தா. ஆறிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பேச்ச இனி எடுக்கல. நீ கீழ வா."

பாறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தை என் முதுகில் கையை வைத்தார்கள்.

கருத்தம்மாளைப் பற்றிய உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுதாதது கோபத்தால் அல்ல. ஒவ்வொரு தடவை எடுத்துப் படிக்கும்போதும் அந்தப் பெண் கேட்ட கேள்வியில் நின்றுவிடுவேன். எந்த மலைக்குப் போவேன் என்றாளே. எனக்கு ஒரு மலை இருந்தது. அதனால்தான் என்னால் கோபப்பட முடிந்தது, காத்திருக்கவும் முடிந்தது. ஆகையால் இந்த வேலையை விட மாட்டேன். இப்போதுதான் பிள்ளைகள் எழுத்துக்கூட்டுகிறார்கள். சனிக்கிழமை இறங்கி வருவேன், திங்கட்கிழமை முதல் பஸ்சில் ஏறிவிடுவேன். வெயில் நன்றாக இருக்கிற வாரம் நீங்களும் அத்தையும் மேலே வாருங்கள். இது சரிவருமா என்று உங்களைக் கேட்கவில்லை, இப்படித்தான் என்று சொல்கிறேன். அத்தையிடமும் சொல்லிவிட்டேன். "ஊரு சிரிக்கும்" என்றார்கள். பிறகு அவர்களே, "சிரிச்சாச் சிரிக்கட்டும்" என்றார்கள்.

நாளைக் காலை அத்தையைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்சில் இறங்குகிறேன். பஸ்ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்கள். எலுமிச்சம்பழம் ஒன்று வாங்கிக் கையில் வைத்திருங்கள். இரண்டு பேரும் தலை கலைந்து, வாந்தி எடுத்து, பார்க்கச் சகிக்காமல்தான் வந்து இறங்குவோம். தயவுசெய்து கேமராவைக் கொண்டுவராதீர்கள்.

அன்புடன்,
லட்சுமி